மேல ரோடு எப்படிங்க?

மேட்டுப்பாளையத்தில் நல்ல வெயில். நவம்பர் காலை. ஊட்டிக்குப் புறப்படத் தயாராக நிற்கும் பேருந்தின் ஓட்டுநர், அப்போதுதான் மலையிறங்கி வந்து நிற்கும் வண்டியின் ஓட்டுநரைப் பார்த்துக் கேட்கிறார்.

“ஏனுங்ண்ணா, மேல ரோடு எப்படிங்க?”

“மரப்பாலத்துக்கு மேல கொஞ்சம் மண்ணு வந்துருச்சு. ஒரு பக்கமாத்தான் விடறாங்க. பாத்துப் போங்க.”

அவ்வளவுதான் பேச்சு. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் நீலகிரியின் கிழக்குச் சரிவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியும் பதிலும் டீசலைப் போல அவசியம். கீழே வெயிலாக இருப்பதை யாரும் நம்புவதில்லை. இரவு குன்னூரில் பெய்த மழை, காலையில் பர்லியாறு பக்கம் மண்ணாக இறங்கும். மழை நின்று பல மணி நேரம் கழித்துக்கூட இறங்கும்.

கல்லாறு வரை சாலை சமதளம். இரு பக்கமும் பாக்குத் தோப்பு, ஈர நிழல். பிறகு வண்டி மூச்சு வாங்கத் தொடங்குகிறது. குன்னூர் போவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். எதிர்ப்புறம் மரங்களுக்கிடையே அவ்வப்போது ஒரு கல்பாலம் தெரிந்து மறைகிறது. அது 1899இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயிலின் பாதை. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். சாலையும் ரயிலும் ஒரே பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டுதான் மேலேறுகின்றன. ஆகவே ஒன்றுக்கு வருகிற ஆபத்து பெரும்பாலும் இன்னொன்றுக்கும் வரும். பெருமழை நாளில் ரயில் ரத்து என்ற செய்தி வந்தால், சாலையிலும் எங்கோ கல் விழுந்திருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

பயணிகள் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள், குரங்கைப் பார்க்கிறார்கள், பர்லியாற்றில் இறங்கி மங்குஸ்தான் விலை கேட்கிறார்கள். பழகிய ஓட்டுநரின் கண் வேறு பக்கம் இருக்கிறது. அவர் மலைப்பக்கச் சுவரைப் பார்க்கிறார். நேற்று இல்லாத இடத்தில் இன்று தண்ணீர் வழிகிறதா? தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருகிறதா? தாரின் மேல் புதிதாகச் சின்னச் சின்னக் கற்கள் கிடக்கின்றனவா? மரமொன்று நேற்றைவிடச் சாலைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா? பெரிய சரிவுகள் பல, வருவதற்கு முன் இப்படிச் சின்னதாகச் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. கேட்க ஆள் இருக்க வேண்டும்.

இந்த மலைக்குச் சாலை வந்து இரண்டு நூற்றாண்டு ஆகிறது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக ஒரு பாதை வெட்டப்பட்டு 1823இல் முடிந்தது. குன்னூர் வழியான பாதை அதற்குப் பின் வந்தது. முதலில் குதிரைக்கும் காளைக்கும் போதுமான அகலம். பிறகு மாட்டு வண்டி, மோட்டார், பேருந்து, சிமென்ட் லாரி, இப்போது கோடை விடுமுறையில் வரிசை கட்டும் கார்கள். ஒவ்வொரு முறை அகலப்படுத்தும்போதும் இடம் எடுத்தது ஒரே பக்கத்தில்தான். பள்ளத்தாக்குப் பக்கம் நீட்ட முடியாது என்பதால் மலையின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். மேலே இருக்கும் மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்த அடிதான்.

நீலகிரியின் எலும்பு கடினமானது. சார்னகைட் என்ற பாறை. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தாவோடு பேர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறையில் செதுக்கப்பட்டது. 1890களில் அந்தப் பாறை வகையை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தாமஸ் ஹாலண்ட், கல்லறைக்கு உரியவரின் பெயரையே கல்லுக்கும் வைத்துவிட்டார். பல்லாவரம் குன்றுகளிலும் நீலகிரியிலும் இருப்பது இந்தக் குடும்பத்துப் பாறைதான். இவ்வளவு உறுதியான பாறை இருக்கும்போது மலை ஏன் சரிகிறது?

சரிவது பாறை அல்ல, பாறையின் மேல் போர்த்தியிருக்கும் செம்மண். லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெயிலும் தின்று மென்றுபோட்ட பாறைதான் அந்த மண். சில இடங்களில் அது கையளவு. பல இடங்களில் பத்து, இருபது மீட்டருக்கும் மேல் ஆழம். மேலிருந்து ஊறி இறங்கும் தண்ணீர், அடியிலுள்ள பாறையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. அதற்குமேல் போக வழியில்லை. பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே தேங்குகிறது. மண் துகள்களுக்கு இடையே புகுந்து அவற்றை ஒன்றையொன்று விட்டுத் தள்ளுகிறது. மேலே மண்ணின் எடை கூடிக்கொண்டே போக, கீழே பிடிப்பு குறைந்துகொண்டே வருகிறது. ஈரமான பலகையில் வைத்த களிமண் உருண்டை எப்போது நழுவும் என்பது குழந்தைக்கும் தெரியும். அதே கணக்கு, ஒரு மலையளவில்.

மரப்பாலம் வருகிறது. பெயர்ப் பலகையைத் தவிர, கவனமில்லாத கண்ணுக்கு இங்கே பார்க்க ஒன்றுமில்லை. பசுமை எல்லாவற்றையும் மூடிவிட்டது.

1993 நவம்பர் 11 அன்று இங்கே மலை இறங்கியது. மேலே உடைந்த சரிவு சேறும் கல்லும் மரமுமாகத் திரண்டு, ரயில் பாதையையும் சாலையையும் அறுத்துக்கொண்டு கீழே பள்ளத்தாக்குக்குப் போனது. பயணிகளோடு பேருந்துகளும் போயின. உடல்கள் கிடைத்த குடும்பங்களும் கிடைக்காத குடும்பங்களும் உண்டு. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1990 அக்டோபரில், இதே மலையின் கெத்தையில் குடும்பம் குடும்பமாக மண்ணுக்குள் புதைந்தார்கள். நீலகிரியின் மழைக்கால நினைவுகளை வயதானவர்களிடம் கேட்டால் ஆண்டுகளைத்தான் பெயராகச் சொல்வார்கள். எழுபத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்று மூணு, ரெண்டாயிரத்து ஒம்பது.

மரப்பாலத்தை நினைக்கும்போது ஜப்பானின் ஒரு சாலையும் நினைவுக்கு வருகிறது. 1968 ஆகஸ்ட் 18 அதிகாலை, கிஃபு மாகாணத்தில் ஹிதா ஆற்றை ஒட்டிய 41ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மலைக்குச் சுற்றுலா கிளம்பிய பேருந்து வரிசை ஒன்று கனமழையால் திரும்பி வந்துகொண்டிருந்தது. வழியில் மண் சரிந்து சாலை அடைபட, பேருந்துகள் நின்றன. நின்ற இடத்தில் மேலிருந்து சேற்று வெள்ளம் வந்து இரண்டு பேருந்துகளை ஆற்றுக்குள் தள்ளியது. 104 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் மூன்றே பேர். சாலையைப் பராமரிக்கும் அரசுக்கே பொறுப்பு என்று வழக்கு முடிந்தது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு ஜப்பான் செய்த காரியம் எளிமையானது. ஆபத்தான ஒவ்வொரு மலைச் சாலைப் பகுதிக்கும் ஒரு மழை அளவை நிர்ணயித்தார்கள். தொடர்ச்சியாகப் பெய்த மழை அந்த அளவைத் தாண்டினால் சாலை மூடப்படும். மண் விழும்வரை காத்திருப்பதில்லை. விழாமலே போகலாம், அப்படியும் மூடுவார்கள். சுவர் கட்டுவதற்கும் வலை விரிப்பதற்கும் முன்னால், ஒரு சாலையைக் காக்கும் முதல் வேலை அதில் ஆளில்லாமல் பார்த்துக்கொள்வது என்று அவர்கள் ஒரு பெருந்துயரத்தின் விலை கொடுத்துக் கற்றார்கள். நம் மலைகளில் சாலையை மூடும் முடிவு இன்னும் பெரும்பாலும் மண் விழுந்த பிறகே எடுக்கப்படுகிறது. நவம்பரில் இந்தச் சாலையில் போகிற யாருக்கும் அது உறுத்த வேண்டும்.

மேலே ஒரு வளைவில் வண்டி நிற்கிறது. காலையில் சொன்ன இடம் இதுதான். சிவப்பாக ஒரு நாக்கு மலையிலிருந்து சாலைக்கு நீண்டிருக்கிறது. பாதிச் சாலை சேறு. பொக்லைன் இயந்திரம் அள்ளி அள்ளி லாரியில் கொட்டுகிறது. பச்சைக் கொடியோடு ஒருவர், சிவப்புக் கொடியோடு இன்னொருவர். வேர்களோடு பிடுங்கி வந்த செடியொன்று தாரில் கிடக்கிறது. அதன் வேர் முக்கால் அடி நீளம்கூட இல்லை. அது நின்ற மண்ணோ ஆள் உயரத்துக்கு மேல் உடைந்திருக்கிறது. மேலே இருந்த பசுமை இந்த மண்ணைப் பிடித்துவைக்கவில்லை, வெறுமனே மூடியிருந்தது.

வண்டி காத்திருக்கும் நேரத்தில் பக்கத்திலிருக்கும் தடுப்புச் சுவரைப் பார்க்கலாம். கருங்கல்லில் கட்டிய பழைய சுவர், மேலே சிமென்ட் பூச்சு. அதில் வரிசையாகக் குழாய்த் துளைகள். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேற விட்ட வழி. முதல் துளையிலிருந்து நூல்போலத் தண்ணீர் விழுகிறது. இரண்டாவதில் பெரணிச் செடி முளைத்து, இலை நுனியில் சொட்டு நிற்கிறது. மூன்றாவது காய்ந்து கிடக்கிறது. உள்ளே மண் அடைத்திருக்கிறது. நான்காவதில் யாரோ செருகிவிட்டுப் போன பிளாஸ்டிக் பாட்டில். அந்த நான்காவது துளைக்கு நேர் மேலே சுவரில் மெல்லிய கீறல் ஒன்று ஓடுகிறது. பொறியியல் படிக்காதவருக்கும் விஷயம் புரிந்துவிடும். சுவர் மண்ணைத் தாங்கும்படி கட்டப்பட்டது. தண்ணீரையும் சேர்த்துத் தாங்கச் சொன்னால் அது எத்தனை நாள் நிற்கும்?

மலைச் சாலையில் தண்ணீருக்கு மூன்று இடத்தில் வழிவிட வேண்டும். வெட்டிய சரிவுக்கு மேலே, மழைநீர் சரிவின் முகத்தில் வழியாமல் திருப்பிவிடும் வாய்க்கால். சுவருக்குள்ளே துளைகள். சாலையோரத்தில் கால்வாயும், அது போய்ச் சேர்ந்து சாலைக்கு அடியில் கடக்கும் சிறுபாலமும். இவற்றில் சாலையில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவது கடைசி இரண்டும்தான். மேலே இருக்கும் வாய்க்காலை ஏறிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதனாலேயே அது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இலையும் மண்ணும் அடைத்துப்போன மேல் வாய்க்கால், இல்லாத வாய்க்காலைவிட மோசம். எங்கோ போக வேண்டிய தண்ணீரையெல்லாம் சேர்த்து வைத்து, உடைகிற ஓரிடத்தில் மொத்தமாக மண்ணுக்குள் ஊற்றும்.

அந்தத் தண்ணீர் எவ்வளவு வரும்? கேத்திப் பள்ளத்தாக்கில் 2009 நவம்பர் 10 அன்று பதிவான ஒரு நாள் மழை 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. மேற்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் மறுபடியும் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு ஏக்கர் நிலத்தில் 80 சென்டிமீட்டர் மழை என்றால் 32 லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் 270 வந்து, ஒரே நாளில், ஒரே ஏக்கரில் கொட்டிவிட்டுப் போவதற்குச் சமம். 2009இன் அந்தச் சில நாள்களில் நீலகிரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள் ஏற்பட்டன. 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலைகள் துண்டாகி ஊர்கள் தீவுகளாயின.

கொடிக்காரர் கையசைக்க, வண்டி நகர்கிறது. இன்னும் இரண்டு வளைவு ஏறியதும் மண்ணின் நிறம் மாறி, பாறை முகம் தெரிகிறது. இங்கே பயம் வேறு வகை. மண் நழுவும், பாறை குதிக்கும்.

பாறை உடைவது பெரும்பாலும் அதன் பழைய விரிசல்கள் வழியேதான். விரிசலில் மண் சேர்கிறது, மண்ணில் விதை விழுகிறது, வேர் தடித்து ஆப்பு அடிக்கிறது. மழை அந்த ஆப்பை ஊறவைக்கிறது. பிறகு ஒரு நாள் ஒரு டன் கல் 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. சாலையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். ஒரு சின்னக் கார் அதே வேகத்தில் வந்து நேராக மோதுவதாக நினைத்துக்கொள்ளலாம். காருக்காவது முன்பக்கம் நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். கல்லுக்கு அது கிடையாது.

இப்படி விழும் கல் எங்கே போய் நிற்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நெடுஞ்சாலைப் புவியியலாளர் ஆர்தர் ரிட்சி கற்களை உருட்டிவிட்டுப் படம் பிடித்தார். 1963இல் அவர் வெளியிட்ட முடிவுகள் இன்றுவரை பாடம். ஏறக்குறைய செங்குத்தாக இருக்கும் பாறை முகத்திலிருந்து கல் நேரே கீழே விழுகிறது. அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. சற்றே சாய்வான சரிவில்தான் கல் பட்டுத் தெறித்து, துள்ளி, நடுச்சாலைக்கு வருகிறது. பார்க்கப் பயமில்லாத சரிவு கல்லை அதிக தூரம் எறிகிறது. பிற்பாடு ஆரிகன் மாநிலத்தில் இதையே விரித்து, 11,250 கற்களை உருட்டிப் பார்த்து 2001இல் ஒரு வழிகாட்டி எழுதினார்கள். இந்தச் சரிவுக்கு, இந்த உயரத்துக்கு, அடிவாரத்தில் இவ்வளவு அகலமான பள்ளம் விட்டால் நூற்றுக்கு இத்தனை கல் சாலைக்கு வராது என்று அட்டவணை சொல்கிறது. கல் விழுவதைத் தடுப்பதைவிட, விழுகிற கல்லுக்கு ஓர் இடம் ஒதுக்குவது மலிவு. ஆனால் அதற்கு அகலம் வேண்டும். கிடைக்கிற ஒவ்வொரு அடியையும் தாராக்கிவிட்ட சாலையில் கல்லுக்கு இடமேது?

இடமில்லாத இடத்தில்தான் வலை. பாறை முகத்தின் மேல் கம்பி வலையைத் திரைபோலத் தொங்கவிட்டால், உடைகிற கல் வலைக்கும் பாறைக்கும் நடுவே வேகமில்லாமல் வழிந்து அடியில் சேரும். இன்னொரு வகை, சரிவின் நடுவே வேலிபோல நிறுத்திக் கல்லைப் பிடிப்பது. இந்த வலைகளின் முன்னோர் கடலில் இருந்தவை. துறைமுக வாசலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தடுக்கக் கட்டிய எஃகு வளைய வலைகள், போர்கள் முடிந்தபின் ஆல்ப்ஸ் மலைக்கு ஏறின. ஒன்றோடொன்று கோத்த வளையங்கள், கல் மோதியதும் நீண்டு கொடுத்து, கயிறுகளில் பொருத்திய தடைக் கருவிகள் வழியே வேகத்தைச் செலவழிக்கின்றன. சுவிட்சர்லாந்தின் வாலன்ஷ்டாட் என்ற இடத்துக் கல்குவாரியில் இவற்றைச் சோதிக்கிறார்கள். 25 டன் எடையுள்ள கட்டி, மணிக்கு 103 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுந்தும் வலை தாங்கியிருக்கிறது. முரட்டுச் சுவர் உடைந்திருக்கும். விட்டுக்கொடுக்கிற வலை நிற்கிறது.

நம் நாட்டில் இந்தப் பாடத்தைக் கசப்போடு படித்தது கொங்கண் ரயில்வே. 2003 ஜூன் 22 இரவு, வைபவ்வாடி அருகே பாதையில் சரிந்த பாறைகளில் மோதி ரயில் தடம் புரண்டதில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டே இன்னொரு விபத்து. அதற்குப் பிறகு அங்கே சரிவுகளைத் தணித்து வெட்டினார்கள், வலை விரித்தார்கள். மழைக்காலத்துக்கு வேகத்தைக் குறைத்துத் தனிக் கால அட்டவணையே கொண்டுவந்தார்கள். பாதையில் இரவும் பகலும் நடந்து பார்க்கும் காவலர்களும் மழைக்காலத்தில் நிறுத்தப்படுகிறார்கள். அத்தனை கருவிகளுக்கும் நடுவே விளக்கோடு நடக்கும் மனிதரை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குன்னூரில் இறங்கி ஒரு டீ. மழை தூறுகிறது. கோத்தகிரிப் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் தேயிலைக் காடுகளுக்கு நடுவே சாலை மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. நீலகிரியின் சாலைகளில் அண்மை ஆண்டுகளாக நெடுஞ்சாலைத் துறை செய்துவரும் ஒரு புது வேலை உண்டு. மண் ஆணி அடிப்பது.

பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. சரிவின் முகத்தில் சற்றே கீழ்நோக்கிய சாய்வில் ஆழமாகத் துளையிடுகிறார்கள். எஃகுக் கம்பியை உள்ளே செலுத்தி, சிமென்ட் பாலை அழுத்தி நிரப்புகிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் தகடு வைத்து முறுக்குகிறார்கள். தகடுகளுக்கு அடியில் வலை. இப்படி ஓரிரு மீட்டர் இடைவெளியில் நூற்றுக்கணக்கான ஆணிகள் சேர்ந்து, நழுவப் பார்க்கும் மேல் மண்ணை உள்ளிருக்கும் உறுதியான மண்ணோடு தைத்துவிடுகின்றன. கிழிந்த சாக்கைக் கோணி ஊசியால் தைப்பதுபோல. பிறகு விதையும் உரமும் நாரும் ஒட்டும் பசையும் தண்ணீரில் கலந்து, குழாயால் சரிவின் மேல் பீய்ச்சுகிறார்கள். பச்சைக் கூழ் பூசியதுபோல இருக்கும். சில வாரங்களில் வலைக்கண்களின் வழியே புல் எட்டிப் பார்க்கிறது. பெரிய கான்கிரீட் சுவருக்கு வேண்டிய அகலம் இதற்கு வேண்டாம். மலையும் மொட்டைச் சாம்பல் நிறத்தில் நிற்காது.

என்ன புல்லை விதைக்கிறோம் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. நீலகிரி ஏற்கெனவே வெளியிலிருந்து வந்த செடிகளால் நொந்த மலை. சீகை மரம் சோலைப் புல்வெளியை எப்படித் தின்றது என்று ஊரே பார்த்திருக்கிறது. சரிவில் பீய்ச்சும் விதை இந்த மலையின் சொந்தப் புல்லாக இருக்க வேண்டும் என்று சூழலியலாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சொந்தப் புல்லின் விதையைச் சேகரிப்பதும் வளர்ப்பதும் மெதுவான வேலை, ஒப்பந்தக் கெடுவுக்குள் அடங்காது. ஆனாலும் காத்திருக்கத் தகுந்த வேலை.

மண்ணைப் பிடிக்கும் புல் என்றால் தமிழருக்கு ஒரு பெயர் தானாக வரும். வெட்டிவேர். உலகெங்கும் பொறியாளர்கள் அதைத் தமிழ்ப் பெயரிலேயே அழைக்கிறார்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே, மூன்று மீட்டர் வரை இறங்கும். எளிதில் அறாத அந்த வேரின் இழுவை வலிமை எஃகில் ஆறில் ஒரு பங்கு வரும் என்று அளந்திருக்கிறார்கள். கோடையில் பானைத் தண்ணீரில் போட்டு மணக்கவைத்த அதே வேர், தாய்லாந்திலும் வேறு பல நாடுகளிலும் நெடுஞ்சாலைச் சரிவுகளைப் பிடித்து நிற்கிறது. உறைபனி கொட்டும் ஊட்டி உயரத்தில் அதன் வளர்ச்சி மந்தம். கல்லாறு, பர்லியாறு போன்ற தாழ்ந்த சரிவுகளே அதற்கு ஏற்றவை. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று அதையும் எண்ணிவிடக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் நழுவும் மண்ணை மூன்று மீட்டர் வேர் என்ன செய்யும்? அங்கே ஆணிதான். ஆணிக்கும் எட்டாத இடத்தில் சாலையையே வேறு வழியில் கொண்டுபோக வேண்டும்.

எந்தச் சரிவுக்கு எது வேண்டும் என்று யார் முடிவு செய்வது? அதற்கு முதலில், எந்தச் சரிவு யாருடையது என்று தெரிய வேண்டும். இதில் ஹாங்காங்கிடம் கற்க நிறைய இருக்கிறது. 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் அங்கே இரண்டு பெரும் சரிவுகள். சாவ் மாவ் பிங்கில் 71 பேர், போ ஷான் சாலையில் 67 பேர் இறந்தனர். 1976இல் மறுபடியும் சாவ் மாவ் பிங்கில் 18 பேர். 1977இல் இதற்கென்றே ஓர் அலுவலகம் அமைத்தார்கள். வெட்டிய சரிவு, கொட்டிய மண்மேடு, தடுப்புச் சுவர் என்று மனிதக் கை பட்ட ஒவ்வொன்றையும் எண்ணிப் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய 60,000. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண் பலகை. அந்த எண்ணைக் கொண்டு, அதைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்று எந்தக் குடிமகனும் தெரிந்துகொள்ளலாம். சுவரில் கீறல் கண்ட பள்ளி மாணவி எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் புகார் செய்யலாம்.

நீலகிரியிலும் பட்டியல் இல்லாமல் இல்லை. மழைக்கால முன்னேற்பாட்டில் மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை ஆபத்தானவையாகக் குறித்து, 42 மண்டலக் குழுக்களைப் பிரித்து நிறுத்துகிறது. மலையில் பொக்லைன் இயந்திரம் கொண்டு மண் தோண்ட அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, டார்ஜிலிங்கையும் நீலகிரியையும் களமாக வைத்து மண்சரிவு முன்னறிவிப்பு முறையை உருவாக்கியது. 2024 ஜூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய மண்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. பருவமழைக் காலத்தில் நீலகிரிக்குத் தினசரி முன்னறிவிப்பு வருகிறது. பெரிய முன்னேற்றம் இது. ஆனால் மாவட்டத்துக்கு வருகிற அந்தச் செய்தி, மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும் ஓட்டுநருக்கும் வர வேண்டும். அவருக்கு இன்றும் செய்தி நிறுவனம், எதிரே வருகிற வண்டிக்காரர்தான்.

கோத்தகிரி வழியாகவே இறங்கலாம். கோடைக் கூட்டத்தின்போது ஏறுவதற்குக் குன்னூர்ச் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரிச் சாலை என்று ஒருவழியாக்குவது வழக்கம். நெரிசலுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஒரு சாலை அடைபட்டால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தையும் அது தருகிறது. இரண்டும் ஒரே மழையில் நனைகிற சாலைகள் என்பதை மறக்காதவரை நல்லது.

மாலை நான்கு மணி. மேகம் இறங்கிவிட்டது. ஒரு வளைவுக்குச் சற்றுக் கீழே, சிறுபாலம் ஒன்றின் வாயில் மூன்று சாலைப் பணியாளர்கள். ஒருவர் இடுப்பளவு குழிக்குள் நிற்கிறார். மண்வெட்டியால் இழுத்துப் போடுகிறார்: சேறு, கற்கள், யூகலிப்டஸ் பட்டை, கிழிந்த சிப்ஸ் பாக்கெட்டுகள், ஒரு செருப்பு, தண்ணீர் பாட்டில்கள், மீண்டும் சேறு. மேலே நிற்கும் பெண் அதை இரும்புச் சட்டியில் வாங்கிச் சாலையின் மறுபுறம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறார். மூன்றாமவர் கடப்பாரையால் உள்ளே அடைத்திருக்கும் கட்டையை நெம்புகிறார். கட்டை அசையவில்லை. இன்னொரு முறை. இருவர் சேர்ந்து இழுக்கிறார்கள்.

கட்டை வெளியே வந்ததும், தேங்கி நின்ற செந்தண்ணீர் ஒரு நொடி தயங்கிவிட்டு, உறிஞ்சும் சத்தத்தோடு சாலைக்கு அடியில் பாய்கிறது. மறுபுறம் பள்ளத்தில் விழும் ஓசை கேட்கிறது. குழிக்குள் இருந்தவர் ஏறிவந்து, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கால் சேற்றை வழிக்கிறார். அந்தச் சுவரில் கறுப்பு வண்ணத்தில் எண் எழுதியிருக்கிறது. எத்தனையாவது கிலோமீட்டர், அதில் எத்தனையாவது பாலம் என்று சொல்லும் எண். அதற்கு மேலே ஈரத்தில் மினுங்கி நிற்கும் சரிவுக்கு எண் இல்லை.

“அடுத்தது எதுங்கண்ணா?” என்கிறார் அந்தப் பெண், சட்டியைத் தலைக்கு மாற்றிக்கொண்டே.

“கீழ வளைவுல இருக்கறது. இருட்டறதுக்குள்ள போயிரலாம் வா. மழை வருது.”